விட்டுப்போன நிகழ்ச்சியை வீட்டு இணையத்தில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிபரப்பான நேரத்தில் பார்க்கத் தவறிய நிகழ்ச்சியைப் பிறகு நமக்கு வசதியான நேரத்தில் இணையம் வழியாகப் பார்ப்பதைக் கேட்ச்-அப் டிவி என்கிறோம். இதைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பலர் "இன்னும் வேகமான இணையத் திட்டத்துக்கு மாறிவிடலாமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவை இருப்பதில்லை. கோளாறு ரவுட்டருக்கும் டிவிக்கும் இடையில் உள்ள சில அடி தூரத்தில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் நிகழ்ச்சியின் உரிமத்தில் இருக்கும்.

கேட்ச்-அப் டிவிக்கும் வீட்டிலேயே ரெக்கார்டு செய்து பார்ப்பதற்கும் என்ன வேறுபாடு?

ரெக்கார்டு செய்யும் செட்-டாப் பாக்ஸில் நிகழ்ச்சி உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் பதிவாகிறது. முன்கூட்டியே நீங்கள் பதிவுக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும், மறந்துவிட்டால் போனது போனதுதான். கேட்ச்-அப் முறையில் பதிவு சேவை நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. நீங்கள் கேட்கும்போது அது இணையம் வழியாக உங்களுக்கு வந்து சேர்கிறது. அதனால் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், அதில் எதைத் தாண்டிச் செல்லலாம் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது.

இது புதிய வசதியும் அல்ல. பிரிட்டனின் பிபிசி தனது கேட்ச்-அப் சேவையான ஐபிளேயரை 2007 டிசம்பர் 25 அன்று முறையாக அறிமுகப்படுத்தியபோது, ஒளிபரப்பான நிகழ்ச்சிகள் பொதுவாக 7 நாட்கள் மட்டுமே அதில் கிடைத்தன. 2014இல்தான் அது 30 நாட்களாக நீண்டது. தொடக்ககாலத்தில் அதன் டவுன்லோடு வசதி, ஒரு பார்வையாளரின் கணினியில் உள்ள பதிவின் துண்டுகளை இன்னொரு பார்வையாளருக்கு அனுப்பும் முறையில் இயங்கியது. தன் வீட்டு இணைப்பின் அப்லோடு தன்னையறியாமல் மற்றவர்களுக்காகச் செலவாகிறது என்று அன்றைக்குப் பலர் முணுமுணுத்தார்கள்.

நேரலை ஒளிபரப்பு தடையில்லாமல் வருகிறது. அதே சேனலின் நேற்றைய நிகழ்ச்சி மட்டும் ஏன் திக்கித் திக்கி வருகிறது?

உங்கள் சேனல்கள் ஆன்டெனா, கேபிள், டிஷ் ஆகியவற்றின் வழியே வருவதாக இருந்தால் காரணம் எளிது: நேரலை வரும் பாதையும் கேட்ச்-அப் வரும் பாதையும் வெவ்வேறு. முன்னதற்கு இணையமே தேவையில்லை.

இணைய நிறுவனமே சேனல்களையும் தரும் ஐபிடிவி சேவையாக இருந்தால் விஷயம் சற்று நுட்பமானது. அங்கே நேரலைச் சேனல்கள் பொதுவாக மல்டிகாஸ்ட் என்ற முறையில் அனுப்பப்படுகின்றன. ஒரு தெருவில் இருநூறு வீடுகள் ஒரே சேனலைப் பார்த்தாலும், நிறுவனத்தின் உள்வலையமைப்பில் அதன் ஒரே ஒரு பிரதி ஓடிவந்து, கடைசி இடத்தில்தான் கிளை பிரிகிறது. நேற்றைய நிகழ்ச்சியை ஒருவர் இப்போதும் இன்னொருவர் மூன்று நிமிடம் கழித்தும் தொடங்குவதால், அதை அப்படிப் பகிர முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பிரதி போக வேண்டும். இரவு உணவு முடிந்து எல்லோரும் உட்காரும் நேரத்தில் இந்தத் தனிப் பிரதிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. நேரலை நன்றாக ஓடுவதை வைத்து இணைய இணைப்பும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு வேகம் இருந்தால் போதும்?

முழு எச்.டி. தரத்துக்கு ஒரு திரைக்கு விநாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தால் பொதுவாகப் போதும். 4கே தரத்துக்கு 15 முதல் 25 மெகாபிட் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் எத்தனை திரைகள் ஓடும் என்று எண்ணிப் பெருக்கி, மற்ற பயன்பாட்டுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. மூன்று பேர் தனித்தனியாக எச்.டி. பார்க்கும் வீட்டுக்கு 30 மெகாபிட் இணைப்பே தாராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை: விளம்பரங்களில் சொல்லப்படுவது மெகாபிட், கணினியில் கோப்பு இறங்கும்போது காட்டப்படுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். 40 மெகாபிட் இணைப்பில் கோப்பு விநாடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஏமாற்றப்பட்டதாகச் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வேகச் சோதனையில் 100 மெகாபிட் காட்டுகிறது. ஆனாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்தச் சோதனையை எங்கே உட்கார்ந்து செய்தீர்கள்? ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று செல்பேசியில் செய்த சோதனை, இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருக்கும் டிவியைப் பற்றி எதையும் சொல்லாது. டிவியில் உள்ள பிரவுசரிலோ செயலியிலோ சோதனை செய்ய முடிந்தால் அங்கே செய்யுங்கள். முடியாவிட்டால் செல்பேசியை டிவியின் பின்புறம் கொண்டுபோய் வைத்துச் செய்யுங்கள். இரண்டாவதாக, வேகச் சோதனை அருகில் உள்ள ஒரு சர்வரிடமிருந்து (தகவலை அனுப்பும் கணினி), பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, சில விநாடிகள் மட்டும் அளக்கிறது. நிகழ்ச்சியோ ஒரு மணி நேரம் தொடர்ந்து வர வேண்டும், அதுவும் வேறொரு சர்வரிடமிருந்து. நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வருபவர் நெடுந்தூர ஓட்டத்திலும் அப்படியே வருவார் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது அது.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றுவதே இல்லை: அப்லோடு. நிகழ்ச்சியைப் பெறுவதற்கும் டிவி இடைவிடாமல் சிறு சிறு கோரிக்கைகளையும் "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புதல்களையும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அப்லோடு பாதை வேறு எதனாலாவது நிரம்பிவிட்டால், இந்தச் சிறு செய்திகள் ரவுட்டரின் வரிசையில் மாட்டிக்கொண்டு தாமதமாகின்றன. டவுன்லோடு பாதை காலியாக இருந்தும் நிகழ்ச்சி நின்றுவிடுகிறது. என் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் கடிகாரம் பார்த்ததுபோல் இந்தக் கோளாறு தொடங்கும். இரண்டு வாரம் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், அந்த நேரத்துக்குத்தான் நான் என் செல்பேசியைச் சார்ஜரில் செருகுவேன். செருகியதும் அது அன்றைய படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். ஏற்றும் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றியதும் வட்டம் சுற்றுவது நின்றுபோனது. கண்காணிப்பு கேமரா, கணினியின் தானியங்கி பேக்கப் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். உங்கள் ரவுட்டரில் போக்குவரத்தை முறைப்படுத்தும் அமைப்பு இருந்தால், அப்லோடின் உச்ச வரம்பை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்துப் பாருங்கள்.

கேபிள் இழுப்பது நல்லதா, வைஃபையே போதுமா?

முடிந்தால் கேபிள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. டிவி நகர்வதில்லை; நகராத பொருளுக்குக் கம்பியில்லா இணைப்பு எதற்கு? பல டிவிகளின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், நல்ல வைஃபை அதைத் தாண்டிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் 4கே நிகழ்ச்சிக்கே 25 மெகாபிட் போதும் என்னும்போது, 300 மெகாபிட் வரை எகிறி அடுத்த நொடி 3 மெகாபிட்டுக்கு விழும் வைஃபையைவிட அசையாமல் நிற்கும் 100 மெகாபிட் மேலானது.

வைஃபைதான் வழி என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்; டிவி சேனல்கள் அல்ல) 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், யாராவது எதையாவது சூடாக்கும்போது மட்டும் படம் நின்றால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. டிவியில் செருகிய யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பக்கூடும்.

ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். அழகுக்காக டிவிக்குப் பின்னால், கதவு மூடிய அலமாரிக்குள் ஒளித்துவைத்த ரவுட்டர் தன் பாதித் திறமையை அங்கேயே இழந்துவிடும், ஏனெனில் டிவியின் பின்புற உலோகத் தகடு அலைகளுக்கு ஒரு கேடயம். எச்.டி.எம்.ஐ. துளையில் நேரடியாகச் செருகும் ஸ்டிக் வகைக் கருவிகளுக்கும் இதே கதிதான். பெட்டியோடு வரும் சிறிய நீட்டிப்பு வயரைப் பலர் தேவையில்லை என்று போட்டுவிடுகிறார்கள். அதைப் பயன்படுத்தி ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்குக் கொண்டுவந்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நிகழ்ச்சி தொடங்கும்போது படம் மங்கலாக இருந்து, சிறிது நேரம் கழித்துத் தெளிவாவது ஏன்?

அது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஒரே நிகழ்ச்சி பல தரங்களில் தயாரிக்கப்பட்டு, ஒவ்வொரு தரமும் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். 2009இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். முறையும் 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான டாஷ் முறையும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. உங்கள் இணைப்பு எப்படிப்பட்டது என்று பிளேயருக்கு முதலில் தெரியாது. ஆகவே சிறிய துண்டுகளைக் கேட்டு உடனே படத்தைத் தொடங்கிவிட்டு, அவை எவ்வளவு விரைவில் வந்து சேருகின்றன என்று அளந்து, அடுத்தடுத்த துண்டுகளை உயர்ந்த தரத்தில் கேட்கிறது. இணைப்பு தளர்ந்தால் படியிறங்கி வரும். மங்கலாகவே பத்து நிமிடம் நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை உத்தி கிடைக்கிறது. இணைப்பு மோசமாக இருக்கும் நாளில் தரத்தைத் தானியங்கியில் விட்டுவைப்பதைவிட, செயலியில் வசதி இருந்தால் 720 (முழு எச்.டி.க்கு ஒரு படி கீழான தரம்) என்று நிலைநிறுத்திவிடுவது நல்லது. படம் சற்றுக் குறைந்த தரத்தில் சீராக ஓடுவதைக் கண் ஏற்றுக்கொள்ளும். நிமிடத்துக்கு நான்கு முறை தெளிந்து மங்குவதை ஏற்காது.

ஒரு மணி நேரம் பார்த்தால் எவ்வளவு டேட்டா செலவாகும்?

விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜிகாபைட். 25 மெகாபிட்டில் ஓடும் 4கே நிகழ்ச்சிக்கு 11.25 ஜிகாபைட். செல்பேசித் திரைக்குப் போதுமான 1.5 மெகாபிட்டில் 0.7 ஜிகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. கணக்கு எளிது: மெகாபிட்டை 0.45ஆல் பெருக்கினால் மணிக்கான ஜிகாபைட் கிடைக்கும். வீடியோவின் அளவைக் குறைக்கும் புதிய வகைச் சுருக்கமுறைகளைப் பயன்படுத்தும் சேவைகளில் இது குறையும். 2003இல் வந்த எச்.264 முறை தரும் தரத்தை 2013இல் வந்த எச்.இ.வி.சி. ஏறக்குறைய பாதி அளவில் தந்துவிடும் என்பார்கள், ஆனால் உங்கள் டிவிக்கு அதைப் பிரித்துக்காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

டேட்டா வரம்பு உள்ள இணைப்பில் அதிகம் கசிவது நிகழ்ச்சியில் அல்ல. "அடுத்த பகுதி 5 விநாடியில் தொடங்கும்" என்ற வசதியை அணைக்காமல் தூங்கிவிடுவதில்தான்.

நேற்றுவரை பட்டியலில் இருந்த நிகழ்ச்சி இன்று காணவில்லை. என்ன ஆனது?

அதன் கால வரம்பு முடிந்திருக்கும். சேனல் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்ப உரிமம் வாங்கும்போது, எத்தனை முறை ஒளிபரப்பலாம், இணையத்தில் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை தனித்தனி வரிகளாக ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. பின்னதற்குத் தனி விலையும் உண்டு. சொந்தத் தயாரிப்புகள் நீண்ட நாள் கிடைப்பதும், வாங்கிய திரைப்படங்கள் ஒரு வாரத்தில் மறைவதும் இதனால்தான். விளையாட்டுப் போட்டிகள் சில சமயம் கேட்ச்-அப் பட்டியலுக்கு வருவதே இல்லை, ஏனெனில் அவற்றின் இணைய உரிமம் வேறொரு நிறுவனத்திடம் இருக்கும். தொடரின் நடுவே ஒரே ஒரு பகுதி மட்டும் இல்லாமல்போனால், அதில் பயன்படுத்திய பாடலுக்கோ காட்சித் துணுக்குக்கோ இணைய அனுமதி கிடைக்காதது காரணமாக இருக்கலாம்.

பல செயலிகள் "இன்னும் 2 நாள்" என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் காட்டும். அதைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

பயணத்தில் இருக்கும்போது வெளிநாட்டில் ஏன் ஓடுவதில்லை?

உரிமங்கள் நாடுவாரியாக விற்கப்படுவதால், உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் எண்) எந்த நாட்டுக்குரியது என்று பார்த்துச் சேவை தடுத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும், கட்டணச் சேவைகளின் சந்தாதாரர்கள் ஒன்றியத்துக்குள் தற்காலிகமாகப் பயணிக்கும்போது தடுக்கக் கூடாது என்ற விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு இடத்துச் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேறு காரணத்துக்காகப் போட்ட விபிஎன் ரவுட்டரில் இயங்கிக்கொண்டிருந்தால், சொந்த வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்ற செய்தி வரும்.

செல்பேசியில் ஓடுகிறது. டிவியில் செயலி திறக்கவே மறுக்கிறது. இணைப்பு இருப்பதாக டிவியே சொல்கிறதே?

முதலில் டிவியின் அமைப்புகளுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். சிரிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மின்தடைக்குப் பிறகு டிவி 1970 ஜனவரி 1ஆம் தேதிக்குத் திரும்பிவிட்டது. பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றிலும் சர்வர் தான் யார் என்று நிரூபிக்கும் ஒரு சான்றிதழை நீட்டும். அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். 1970இல் இருப்பதாக நம்பும் டிவிக்கு, உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழ்களும் இன்னும் பிறக்காதவை. ஆகவே எல்லாவற்றையும் நிராகரித்துவிட்டு, திரையில் "பிழை ஏற்பட்டது, பிறகு முயலவும்" என்று மட்டும் சொல்லும். தேதியைத் திருத்தியதும் எல்லாச் செயலிகளும் ஒன்றாக உயிர்த்தெழுந்தன.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், டிவியின் வயதைக் கேட்க வேண்டும். சான்றிதழ்களை நம்புவதற்கான மூலப் பட்டியல் டிவியின் மென்பொருளுக்குள் இருக்கிறது. தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால் அந்தப் பட்டியல் அப்படியே உறைந்துவிடும். டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, பழைய கருவிகள் பல, முந்தைய நாள்வரை திறந்த தளங்களைத் திறக்க முடியாமல் நின்றன. இத்தகைய டிவியைத் தூக்கிப்போட வேண்டாம். பேனல் நன்றாக இருக்கும்வரை, ஒரு ஸ்டிக்கை வாங்கிச் செருகிவிட்டு டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்துங்கள். புதிய டிவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

ஒலி வருகிறது, படம் கருப்பாக இருக்கிறது.

நகல் எடுப்பதைத் தடுக்கும் எச்.டி.சி.பி. சரிபார்ப்பு எங்கோ தோற்றிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. வயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். இடையில் ஸ்ப்ளிட்டரோ பழைய ஒலிபெருக்கிப் பெட்டியோ இருந்தால் அதை நீக்கி நேரடியாக இணைத்துப் பாருங்கள். 4கே நிகழ்ச்சிகள் பொதுவாக அதன் 2.2 பதிப்பைக் கேட்கும் என்பதால், டிவியிலேயே ஒரு துளையில் ஓடும் படம் இன்னொரு துளையில் ஓடாமல் போகலாம்.

விளம்பரங்களை ஓட்டித் தாண்ட முடியாதா?

பெரும்பாலான இலவசச் சேவைகளில் முடியாது. செயலியில் அந்தப் பொத்தானையே முடக்கிவைத்திருப்பார்கள். பணம் கட்டினால் விளம்பரமில்லாமல் தரும் சேவைகளும் இருக்கின்றன; வாரத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சி பார்ப்பவருக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம்.

இணையத்தில் நேரலை பார்க்கும்போது, பக்கத்து வீட்டில் கோல் விழுந்த சத்தம் எனக்கு முன்பே கேட்கிறது. சரிசெய்ய முடியுமா?

முழுமையாக முடியாது. மேலே சொன்ன துண்டு முறைதான் காரணம். பிளேயர் பொதுவாகக் கடைசித் துண்டுக்கு மூன்று துண்டுகள் பின்னால் நின்று தொடங்கும். துண்டு 6 விநாடி என்றால் 18 விநாடி அங்கேயே போய்விட்டது, சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் நேரம் தனி. நடுவில் இடைநிறுத்தியிருந்தால் அந்த இடைவெளியும் சேர்ந்துகொள்ளும். "நேரலைக்குச் செல்" பொத்தானை அழுத்தினால் அதை மட்டும் மீட்கலாம்.

டிஎன்எஸ் மாற்றினால் வேகம் கூடுமா?

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைத் தேடித்தருவது டிஎன்எஸ். அதை மாற்றினால் வேகம் கூடும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பிச் செய்ய வேண்டாம். நிகழ்ச்சிகள் உலகெங்கும் பரப்பிவைக்கப்பட்ட சர்வர்களிலிருந்து வருகின்றன. உங்களுக்கு எது அருகில் என்பதைச் சில சேவைகள் உங்கள் டிஎன்எஸ் சர்வரின் இருப்பிடத்தை வைத்துத்தான் ஊகிக்கின்றன. தொலைவில் உள்ள டிஎன்எஸ்ஸுக்கு மாறினால் நிகழ்ச்சியும் தொலைவிலிருந்து வரக்கூடும். ஏற்கெனவே மாற்றியிருந்தால், பழையபடி இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கு வந்து ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாம் செய்தாகிவிட்டது. புகார் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். முதலில் யாரிடம் புகார் செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சேவையின் செயலி மட்டும் நின்று மற்றவை ஓடினால் அந்தச் சேவையிடம். எல்லாம் நின்றால் இணைய நிறுவனத்திடம். ஒரு கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, கோளாறு வரும் நேரத்தில் ஒரு முறையும் அதிகாலையில் ஒரு முறையும் வேகத்தை அளந்து, மூன்று நாள் குறித்துவையுங்கள். கேபிளிலேயே மாலையில் வேகம் சரிந்து அதிகாலையில் நிமிர்கிறது என்ற குறிப்பை நீட்டினால், "உங்கள் வைஃபையில்தான் பிரச்சினை" என்ற வழக்கமான பதிலுக்கு இடமிருக்காது. அந்த மூன்று நாளும் கேபிளில் வேகம் அசையாமல் நின்றிருந்தால், புகாரைக் கிழித்துப்போட்டுவிட்டு ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள்.